போடியார் பூட்டி வைத்த புத்தகம்

சாமித்தம்பிப் போடியாருக்கு அச்சடித்த எழுத்தென்றால் பயம். அந்தப் பயத்தை மரியாதை என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லியே வாசிகசாலைக்குத் தலைவராகிவிட்டார். தேற்றாத்தீவுக்கு அடுத்த ஊர் அது. அங்கே வயல் நிறைய வைத்திருப்பவர்தான் போடியார், அவரை எதற்குத்தான் தலைவராக்காமல் விட்டார்கள்? கோயிலுக்கும் அவர்தான், மரண சகாய சங்கத்துக்கும் அவர்தான். இவற்றில் வாசிகசாலைக்குத்தான் அவர் குறைவாகப் போவார். அங்கே போனால் எதையாவது வாசித்துக் காட்டுங்கள் என்று யாராவது கேட்டுவிடக்கூடும் அல்லவா?

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் போனார், அதுவும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு. ஏதோ சண்டைக்குப் போகிறவர் மாதிரி இருந்தது என்று அன்னப்பூரணி நினைத்தாள். அவள் வேலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசிகசாலையின் பின்வேலியும் அவளுடைய வளவின் வேலியும் ஒன்றுதான். தென்னோலைக் கிடுகு உக்கிப் போன வேலி. அந்தப் பக்கம் ஒருவர் மூக்கைச் சிந்தினால் இந்தப் பக்கம் கேட்கும். பெண்கள் வாசிகசாலைப் படி மிதிக்கக்கூடாது என்று தீர்மானம் இருந்தபடியால், அந்த ஊரில் கூட்டங்களை ஒழுங்காகக் கேட்டு வந்த ஒரே பெண் அவள்தான். பெண்களுக்கு வாக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. கொழும்புச் சட்டசபைக்கு ஆள் அனுப்பலாம், ஆனால் பத்திரிகை மேசைக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது. இதில் என்ன கணக்கு இருக்கிறதென்று அவள் புருஷனைக் கேட்டிருக்கிறாள். நல்லரத்தினம் வாத்தியார் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர், வாசிகசாலைக்குக் காரியதரிசியும் அவர்தான். அவருக்கும் பதில் தெரியவில்லை.

கூட்டத்தில் விசாரணைக்கு வந்தது ஒரு புத்தகம். சென்னையில் ஒரு டாக்டரம்மா எழுதியது. பெண்ணுடைய உடம்பு எப்படி இருக்கிறது, தூரம் ஏன் வருகிறது, புருஷனும் பெண்சாதியும் சேரும்போது பிள்ளை எப்படி உண்டாகிறது, உண்டான பிள்ளை எப்படி வளர்கிறது, பேறு நேரத்தில் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று படம் போட்டு விளக்கிய புத்தகம். வைத்திய நூல் என்று நம்பி நல்லரத்தினம் தபாலில் எடுப்பித்தார். வைத்திய நூல்தான். ஆனால் கடைக்காரக் காசுபதியின் மகன் அதை விரித்துவைத்துக்கொண்டு வாங்கிலில் இருந்ததைக் காசுபதி கண்டுவிட்டார். அதற்குப் பிறகு அது வைத்திய நூலாக இருக்க முடியுமா?

போடியார் எழும்பி நின்றார்.

"பொம்புளப் புள்ளயப் பெத்தவன் நான். நீங்களும் பெத்தவங்கதான். இந்தப் பொத்தகத்துக்க என்ன கிடக்கெண்டு நான் வாயால சொல்லமாட்டன். களவெட்டியில சொல்லக்கூடாத சொல்லெண்டு இரிக்கா இல்லயா? சொன்னாப் பொலி குறையும். அப்ப வாசிகசாலையில மட்டும் எல்லாத்தயும் பேர் சொல்லி எழுதி வைக்கலாமா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். நெற்கதிரைச் சூடு வைத்து மிதிக்கிற களத்தில் சில சாமான்களுக்குச் சொந்தப் பேரைச் சொல்லாமல் வேறு பேர் சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம். பேரைக் கேட்டால் பூதம் வந்து நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடுமாம். பெண்ணின் கர்ப்பப்பைக்கு எந்தப் பூதம் காத்துக்கொண்டிருக்கிறது என்று போடியார் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் அன்னப்பூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன ஆவணியில் இதே மனிதருடைய மகள் செல்லத்தங்கம் பெரியபிள்ளை ஆனாள். மேளம் பிடித்து, பந்தல் போட்டு, ஊரூராக ஆள் அனுப்பிச் சொல்லி, காத்தான்குடி வியாபாரிமார் வரைக்கும் கூப்பிட்டுச் சோறு போட்டார். தன் பிள்ளைக்கு இரத்தம் வந்ததைப் பட்டிதொட்டி எல்லாம் அறிவித்தபோது அவருக்குக் கூச்சம் வரவில்லை. அது ஏன் வருகிறதென்று ஒரு பக்கத்தில் ஒருத்தி அமைதியாக எழுதிவைத்தால் மட்டும் மானம் போய்விடுகிறது.

கொம்பு விளையாட்டை நினைத்தாளோ இல்லையோ, அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மழை பொய்த்தால் ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து, கண்ணகி அம்மன் பேரில் கொம்பைக் கோர்த்து இழுக்கும். வென்றவர்கள் தோற்றவர்களைப் பார்த்து வசை பாடுவார்கள். தென்சேரிக்கு எப்போதும் சாமித்தம்பிப் போடியார்தான் பாட்டுக்காரர். மற்றச் சேரிப் பெண்களை உச்சி தொடக்கம் உள்ளங்கால் வரை ஓரிடமும் விடாமல் பாடுவார். அம்மன் வாசலில், ஆண் பெண் குஞ்சு குருமான் எல்லாம் கேட்டிருக்கப் பாடுவார். அன்னப்பூரணி சின்ன வயதில் அந்தப் பாட்டெல்லாம் கேட்டுத்தான் வளர்ந்தாள். அதில் வராத உறுப்பு ஒன்றும் டாக்டரம்மாவின் புத்தகத்தில் இல்லை. என்ன, டாக்டரம்மா சிரிக்காமல் சொல்லிவிட்டாள். அதுதான் அவள் செய்த குற்றம்.

புத்தகத்தை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. எரித்துவிடலாம் என்றார் ஒருவர். ஏடு சரஸ்வதியாச்சே, எரித்தால் ஊருக்கு வித்தை அற்றுப் போகும் என்றார் இன்னொருவர். கிழிப்பதற்கும் அதே தடை. வாவியில் போடலாம் என்றார்கள். இறால் பிடிக்கிற ஒருவனின் வலையில் அது ஏறினால் அவன் அதைக் காயவைத்து எல்லாருக்கும் காட்டமாட்டானா? காசுபதி தன் கடைக்குச் சரக்குச் சுற்றக் கேட்டார். அப்படியானால் சீரகத்தோடும் மிளகோடும் அந்தப் படம் வீட்டுக்கு வீடு போய்ச் சேருமே என்று போடியாருக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மூளை வேலை செய்தது. படம் எவ்வளவு மோசமானது என்பதை நிச்சயப்படுத்த அதை ஒருமுறை எல்லாருமாகப் பார்த்தார்கள். பிறகு இன்னொரு முறையும் பார்த்தார்கள். எழுத்தை ஒருவரும் வாசிக்கவில்லை.

கடைசியில் போடியாரே வழி சொன்னார். "என்ட ஊட்டுப் பெட்டகத்துக்க வச்சிப் பூட்டுறன். ஒரு பொண்ணுட கண்ணிலயும் படாது. சம்மதமெண்டாக் கையத் தூக்குங்க."

அன்னப்பூரணி கிடுகு இடுக்கில் கண்ணை வைத்தாள். அவளுக்கு மற்றக் கைகளைப் பற்றிக் கவலை இல்லை. ஒரே ஒரு கையைத்தான் தேடினாள். நல்லரத்தினம் வாத்தியார் அக்கம் பக்கம் பார்த்தார், தொண்டையைச் செருமினார், பிறகு கையைத் தூக்கினார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அவளுக்கு அந்தப் புத்தகம் வேண்டியிருந்தது. படிப்பு ஆசையினால் அல்ல. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்துக் கூட்டாமல் வாசிப்பாள். மகள் புஸ்பத்துக்கு ஏழாம் மாதம். கால் வீங்கியிருந்தது. மாசி மாதம் பிறந்த பிறகு முகமும் ஊதிவிட்டது. மருத்துவிச்சியைக் கேட்டால், "ஆம்புளப் புள்ளெண்டா அப்பிடித்தான் ஊதும்" என்று வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு போய்விட்டாள். கூட்டத்துக்கு முந்தி நல்லரத்தினம் புத்தகத்தைக் குடைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தார், அதுவரை நல்ல மனிதர்தான். வீக்கத்தைப் பற்றிய அத்தியாயத்துக்கு அவள் வரும்போது கூட்டம் வருகிறது என்று பறித்துக்கொண்டு போய் அலுமாரியில் வைத்துவிட்டார். அந்த அத்தியாயத்தின் முதல் வரி மட்டும் அவள் மனதில் நின்றது. எல்லா வீக்கமும் சாதாரணமானதல்ல என்று அது தொடங்கியிருந்தது. அதற்குப் பிறகு என்ன எழுதியிருந்தது?

இரவுச் சாப்பாட்டுக்கு அவர் வந்து இருந்தபோது கேட்டாள்.

"கையத் தூக்கினீங்களே, என்ன நினைச்சித் தூக்கினீங்க?"

"எல்லாரும் தூக்கக்கொள்ள நான் ஒருத்தன் சும்மா இருந்தா என்ன நினைப்பாங்க?"

"புள்ளட முகத்தப் பாத்தீங்களா?"

"மருத்துவிச்சி சொன்னாவே."

"அவ சொன்னா. பொத்தகம் என்ன சொல்லுதெண்டு பாக்கத்தானே கேட்டன்."

"போடியார்ட்டப் போய் என்னெண்டு கேக்கிற? என்ட ஊட்டுப் பொண்டுகள் அதப் படிச்சதெண்டா சொல்ற?" என்றார் நல்லரத்தினம். பிறகு குழம்பில் உப்புக் கொஞ்சம் குறைவு என்றார். கோழை என்ற சொல்லை அன்னப்பூரணி வாய்க்குள் வைத்து விழுங்கினாள். சோற்றை விட அது கஷ்டமாக இறங்கியது.

அடுத்த நாள் விடிய ஆண்கள் எல்லாரும் தோணி ஏறி வாவிக்கு அங்கால் படுவான்கரைக்குப் போய்விட்டார்கள். அறுவடைக் காலம். வட்டை என்கிற வயல்வெளி முழுக்க வெட்டிச் சூடு வைத்து மிதித்து முடிய நாட்கள் ஆகும், அதுவரை வயல் வாடிக் குடிலிலேயே படுக்கை. போடியார் போனார், காசுபதி போனார், புஸ்பத்தின் புருஷன் போனான். பள்ளிக்கூடம் அறுவடை விடுமுறை என்று நல்லரத்தினமும் தன் பங்கு நெல்லைப் பார்க்கப் போனார். ஊரில் பெண்களும் பிள்ளைகளும் நாய்களும் மிஞ்சினார்கள்.

பின்னேரம் புஸ்பம், "அம்மா, விளக்கு ஏன் புகையிது?" என்று கேட்டாள். விளக்கு ஏற்றவே இல்லை, வெளியே நல்ல வெயில். தலையும் இடிக்கிறது என்றாள்.  அன்னப்பூரணி பக்கத்து வீட்டுப் பிள்ளையை மகளுக்குத் துணையாக இருக்கச் சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போடியார் வீட்டுக்கு நடந்தாள்.

போடியார் வீடு என்று ஊரெல்லாம் சொல்லும். அவர் தானும் அப்படித்தான் சொல்லுவார். இங்கேதான் அவர் ஒரு சின்ன விஷயத்தை மறந்துபோனார். அந்த ஊரில் எந்த ஆணுக்கும் வீடு கிடையாது. வீடு தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாக வருவது. கல்யாணம் முடித்தவன் பெண்சாதி வீட்டுக்கு வந்து இருந்து, அங்கே சாப்பிட்டு, அங்கே கிழவனாவான். போடியாருக்கு வயலும் மாடும் சத்தமும் இருந்தன. வீடும் வளவும் தென்னையும் பெட்டகமும் அவர் பெண்சாதி மங்கையற்கரசிக்குத் தாய் கொடுத்தவை. பெட்டகத்துத் திறப்பு அவள் இடுப்பில் தொங்கியது. ஊரில் உள்ள பெண்களிடமிருந்து ஒரு புத்தகத்தைக் காப்பாற்ற வேண்டி அவர் அதை ஒரு பெண்ணின் வீட்டில், ஒரு பெண்ணின் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, திறப்பை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இத்தனை புத்தியுள்ள மனிதரைத் தலைவராக்காமல் வேறு யாரை ஆக்குவது?

அன்னப்பூரணி வழிநெடுக மன்றாட்டமாகக் கேட்பதற்குச் சொற்களை அடுக்கிக்கொண்டு போனாள். காலைப் பிடிக்கவும் ஆயத்தம். குசினிப் பக்கம் போனபோது அங்கே ஏழெட்டுப் பெண்கள் முறமும் நெல்லுமாக இருந்தார்கள். யாருடைய கையும் ஓடவில்லை. நடுவில் செல்லத்தங்கம், ஆவணியில் மேளம் அடித்து அறிவித்த அதே பெண்பிள்ளை, மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக் குரலில் உரத்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

"வா கா மச்சாள்," என்றாள் மங்கையற்கரசி. "இரி. ரெண்டாம் பாடம் முடியப் போகுது."

 "போடியார் பூட்டி வச்ச..." என்று தொடங்கினாள் அன்னப்பூரணி.

"ஓம், பூட்டித்தான் வச்சார். என்ட பெட்டகத்துக்க என்ன கிடக்கெண்டு நான் பாக்காம வேற ஆரு பாக்கிற?" மங்கையற்கரசி எழுத்து அறியாதவள். நெல்லில் கிடந்த கல்லைப் பொறுக்கி எறிந்துகொண்டு சொன்னாள். "படத்தப் பாத்தன். வயித்துக்க புள்ள தலகீழாக் கிடக்கு. எனக்கு ரெண்டு புள்ள செத்துப் புறந்தது மச்சாள். ஏனெண்டு கேட்டதுக்கு அம்மன் கோவம் எண்டாங்க. இந்த மனிசி வேற என்னமோ சொல்றா. அதான் இவள வாசி எண்டன். முதல்ல இவளுகள் சிரிச்சாளுகள். மறுகா ஒருத்தியும் சிரிக்கல்ல."

"வீக்கத்தப் பத்தி ஒரு பாடம் இரிக்கி," என்றாள் அன்னப்பூரணி.  "மகள், அத எடுத்து வாசி கிளி. எனக்குக் கண் தெரியுதில்ல."

கண் தெரியாமலில்லை, நீர் கட்டியிருந்தது. செல்லத்தங்கம் பக்கங்களைத் தள்ளினாள். கால் வீக்கம் பலருக்கும் வரக்கூடியது என்று இருந்தது. முகமும் கையும் சேர்ந்து வீங்கி, தலையிடியும் கண் மங்கலும் கண்டால் அது ஆபத்தின் அறிகுறி, அடுத்தது வலிப்பு, தாயும் பிள்ளையும் தவறிப் போகலாம், ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும் என்று இருந்தது. பெண்பிள்ளை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அன்னப்பூரணி அதற்குள் எழும்பிவிட்டாள்.

மங்கையற்கரசியும் எழும்பினாள். போடியாரின் மாட்டு வண்டியைத் தானே பூட்டினாள். ஆண்துணை இல்லாமல் எப்படிப் போவது என்று ஒருத்தி கேட்டதற்கு, "ஆண்துணை வட்டைக்க நெல்லுக்குத் துணையா நிக்கி" என்றாள். புஸ்பத்தை வண்டியில் பெருந்தெருவுக்குக் கொண்டுவந்து, கல்முனையிலிருந்து வந்த மட்டக்களப்பு பஸ்ஸில் ஏற்றினார்கள். காத்தான்குடி தாண்டிக் கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறியபோது புஸ்பம் தாயின் தோளில் சாய்ந்து, வாவி ஏன் இரண்டாகத் தெரிகிறது என்று கேட்டாள். அன்னப்பூரணி மகளின் கையை விடவே இல்லை. புருஷன் தூக்கிய கைதான் அவள் கண்ணுக்குள் நின்றது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் புஸ்பத்தின் காலை விரலால் அழுத்திப் பார்த்தார், குழி அப்படியே நின்றது. கண்ணைப் பார்த்தார். யார் கொண்டுவரச் சொன்னது என்று கேட்டார். "ஒரு பொத்தகம்" என்றாள் அன்னப்பூரணி. நாளைக்கு வந்திருந்தால் வலிப்போடுதான் வந்திருப்பீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் கட்டிலுக்கு ஆள் கூப்பிட்டார்.

மகளை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பிள்ளை மாதம் நிறையாமலே பிறந்தது, ஆண்பிள்ளை, ஒரு கைக்குள் அடங்கிவிடும். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. ஆள் விட்டுச் சொன்னதும் மருமகன் சேற்றுக் காலோடு ஓடிவந்தான். நல்லரத்தினம் வாத்தியார் அடுத்த நாள் வந்தார், சட்டை மாற்றிக்கொண்டு. எல்லாவற்றையும் அன்னப்பூரணி ஒன்றுவிடாமல் சொன்னாள்.  அவருக்குக் கண் கலங்கியது உண்மைதான். பிறகு, "இத வெளிய ஒருத்தர்ட்டயும் சொல்லிப்போடாத, போடியார்ர காதுக்குப் போகும்" என்றார். பிள்ளையைத் தூக்கிப் பாருங்கள் என்றதற்கு, ஊருக்கு வந்த பிறகு தூக்குகிறேன், சின்னப் பிள்ளை, பயமாக இருக்கிறது என்றார்.

பயம் அவருக்கு எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது.

தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுவந்த நாளன்று வாசிகசாலையில் கூட்டம். அறுவடை முடிந்து எல்லாரும் திரும்பியிருந்தார்கள், நெல் விலை நல்ல விலை, எல்லாருக்கும் சந்தோஷம். அன்னப்பூரணி பேரனைச் சேலையில் பொதிந்துகொண்டு வேலியடிக்குப் போனாள். போடியாரின் குரல் கேட்டது.

"நீங்க என்னட்டத் தந்த பொறுப்ப நான் நிறைவேத்திப்போட்டன். வச்சது வச்ச மாதிரிப் பெட்டகத்துக்க கிடக்கு. இந்த ஊர்ல ஒரு பொம்புளட கண்ணும் அதில படல்ல. எங்கட புள்ளையள் கெட்டுப் போகல்ல."

கைதட்டினார்கள். அந்த நேரம் அவருடைய மகள் வீட்டில் இருந்து ஆறாம் பாடத்தை இரண்டாம் முறையாக வாசித்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஊர்ப் பெண்களும் வரத் தொடங்கியிருந்தார்கள். புத்தகம் இனி எங்கேயும் போகாது, பெட்டகத்தோடு சேர்த்து என்ட மகளுக்குச் சீதனம் என்று மங்கையற்கரசி சொல்லிவிட்டாள். சீதனம் கொடுக்கிற அன்று சபையில் எழும்பி நின்று, பெட்டகமும் அதற்குள் உள்ளதும் என் மகளுக்கு என்று வாய்விட்டுச் சொல்லப் போகிறவர் போடியார்தான்.

"காரியதரிசி ஒரு சொல்லுச் சொல்லட்டும்," என்று யாரோ சொன்னார்கள்.

நல்லரத்தினம் எழும்புகிற சத்தம், கதிரை இழுபடுகிற சத்தம்.  இப்போதாவது சொல்வார் என்று அன்னப்பூரணி நம்பினாள். முழுக்கச் சொல்ல வேண்டாம், அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் என் பிள்ளை செத்திருப்பாள் என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்காக அவரை எல்லாவற்றுக்கும் மன்னித்துவிட அவள் ஆயத்தமாக இருந்தாள்.

அவர் தொண்டையைச் செருமினார். "எமது ஊரின் ஒழுக்கத்தைக் கட்டிக் காத்த தலைவர் அவர்களுக்கு இச்சபை மனமார்ந்த நன்றியைத் தெரிவிக்கவேண்டும் என்று பிரேரிக்கிறேன்," என்றார்.

அதுவும் ஏகமனதாக நிறைவேறியது.

கொஞ்ச நேரத்தில் வேலிப் பொட்டு இடைவெளியால் அவர் வளவுக்குள் வந்தார். பெண்சாதி பிள்ளையோடு நிற்பதைக் கண்டதும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். "கேட்டுக்கொண்டா நிண்ட நீ?" என்றார். "கூட்டத்துக்க வேற என்னத்தச் சொல்ற?"

 அன்னப்பூரணி அதே வளவில் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டின் வாசலுக்கு நடந்தாள், அவர் பின்னால் வந்தார். வாசலில் வைத்துத் திரும்பிப் பிள்ளையைச் சேலையிலிருந்து எடுத்தாள்.

"ஊருக்கு வந்தாத் தூக்குறன் எண்டீங்க. இந்தா, ஒங்கட பேரன். கைய மேல தூக்காதீங்க. நீட்டுங்க."

அவர் வெட்கத்தோடு இரண்டு கையையும் நீட்டினார்.

உள்ளே கட்டிலில் கிடந்த புஸ்பத்துக்கும் வேலிச் சத்தம் எல்லாம் கேட்டிருந்தது. "அம்மா," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "அப்பாட்டக் குடுக்காதீங்க. அவர் போடியார்ட்டக் கேட்டுட்டு வரட்டும்."

வீடு புஸ்பத்தின் வீடு. அன்னப்பூரணி பிள்ளையை உள்ளே கொண்டு போனாள், நல்லரத்தினம் வாத்தியார் நீட்டிய கை நீட்டியபடி வாசலில் நின்றார்.